வடக்கு மூலையில் மூன்றாம் எண்

1

என் சட்டையை நாட்டு எல்லையில் பிடித்து வைத்திருந்தார்கள். என்னைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே உள்ளே விட்டுவிட்டார்கள், குடியுரிமையும் கொடுத்துவிட்டார்கள். சட்டைக்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டினால் வருகிற ஒரு சின்ன ஊர். மனிதர்களைவிட மாடுகள் அதிகம். நான், மனைவி ரேவதி, பதினான்கு வயது மகள் யாழினி. அன்று வேலை முடிந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டு மண்ணும் விதையும் பூச்சியும் நாட்டுக்குள் வந்துவிடாமல் காவல் காக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி எழுதியிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து என் பெயருக்கு வந்த பொட்டலத்தில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் போட்டிருந்தார். பழைய சட்டை ஒன்று, கிழிந்தது. அதில் ஒட்டிய மண். துருப்பிடித்த கம்பித் துண்டு. முள்ளுள்ள விதைகள் நான்கு. காய்ந்த இலைகள் இரண்டு கைப்பிடி, இனம் தெரியவில்லை.

இனம் எனக்குத் தெரியும். வேப்பிலை. பூச்சி அரிக்காமலிருக்க அம்மா வைத்தது. முள்ளுள்ள விதை நெருஞ்சி. இதை அம்மா வைக்கவில்லை, அதுவாகவே ஏறிக்கொண்டது.

மூன்று வழி சொல்லியிருந்தார்கள். பொட்டலத்தைத் திருப்பி அனுப்பலாம். எரித்துவிடலாம். அல்லது இலையையும் விதையையும் அழித்துவிட்டு, சட்டையை மட்டும் வெளுத்துச் சூடேற்றித் தரலாம், அதற்கான செலவு என்னுடையது. எனக்கோ அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தச் சட்டை வேண்டும். அன்றைக்கு எங்கள் ஊர் ரக்பி கிளப்பில் ஒரு கண்ணாடிச் சுவரைத் திறக்கிறார்கள். ஏதாவதொரு நாட்டுக்காக ஆடிய கிளப் உறுப்பினர்களின் சட்டைகளை அதில் மாட்டப் போகிறார்கள். என் மகள் தன் வகுப்பு முழுவதையும் வரச் சொல்லிவிட்டாள்.

ஆமாம், நான் இந்தியாவுக்காக ரக்பி ஆடியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். இந்தியாவும் ரக்பி ஆடுகிறது, அதில் தொண்டாமுத்தூர்க்காரன் ஒருவனும் ஆடினான். எல்லையில் மாட்டிக்கொண்டிருந்தது அந்தச் சட்டைதான்.

2

அப்பாவும் அம்மாவும் தொண்டாமுத்தூரில் ஒரு பண்ணாடியின் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தார்கள். நிலத்துக்காரரைப் பண்ணாடி என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். எனக்குக் கபடி நன்றாக வந்தது. அந்தக் கணக்கில் கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. படித்து முடித்ததும் பம்பு கம்பெனியில் வேலை. கம்பெனி என்னைச் சென்னைக் கிளைக்கு அனுப்பியது. அங்கே கூட வேலை பார்த்த ஒருவர், "உனக்கு இருக்கிற தோளுக்கு ஒருநாள் வந்து பாருப்பா" என்று ஒரு மைதானத்துக்குக் கூட்டிப் போனார். பந்து முட்டை வடிவத்தில் இருந்தது. கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் எறிய வேண்டும் என்றார்கள். பைத்தியக்கார ஆட்டம் என்று நினைத்தேன்.

பிறகு ஸ்க்ரம் என்ற ஒன்றைக் காட்டினார்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிரே அதேபோல் குனிந்த எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். முன்வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவன் மூன்றாம் எண். அவன் பந்தைத் தொட வேண்டியதே இல்லை. எதிராளி என்ன தள்ளு தள்ளினாலும் பின்வாங்காமல் நின்றால் போதும். இது நமக்கான வேலை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. குனிந்து நிற்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. குனிந்த இடத்திலிருந்து எதிராளியைத் தள்ளலாம் என்பதுதான் புதிது.

நான்கு வருடம் முட்டியதில் காது இரண்டும் நசுங்கிப் போயின. பெருந்துறைக்குப் பெண் பார்க்கப் போனபோது ரேவதியின் சின்னம்மா என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாப்பிள்ளைக்குக் காது ஏனுங்க பணியாரமாட்ட இருக்குது?" என்று என் அம்மாவிடமே கேட்டார். "அது வெளையாட்டுல கெடைச்சதுங்க, சீக்கு இல்லீங்க" என்றார் அம்மா, ஏதோ கோப்பையைக் காட்டுகிற மாதிரி. அந்தப் பதிலுக்காகத்தான் சம்மதித்தேன் என்று ரேவதி இப்போதும் சொல்வாள்.

இந்தியாவுக்காக நான்கு ஆட்டம் ஆடினேன். மூன்றில் தோற்றோம். ஒன்றில் ஜெயித்தோம். எந்த நாட்டை என்று சொல்லவில்லை, பாவம் அவர்களும் நல்ல மனிதர்கள். கடைசி நிமிடத்தில் எங்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஸ்க்ரம். அவர்கள் தள்ளி உள்ளே வந்துவிட்டால் தோல்வி. மூன்று தடவை தள்ளினார்கள். நான் நகரவில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொள்வது ரக்பியில் மரியாதை. எனக்கு எதிரே முட்டிய ஆள், அவர்களுடைய ஒன்றாம் எண், வெற்றுடம்போடு வந்து தன் சட்டையை நீட்டினான். நான் தரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். ஜெயித்த சட்டையை எப்படிக் கொடுப்பது? அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. என் விளையாட்டு வாழ்க்கையில் நான் வெட்கப்படுவது அந்த ஒன்றுக்குத்தான்.

அந்தச் சட்டையைத் துவைக்கவும் இல்லை. மண், வியர்வை, கொஞ்சம் ரத்தம் எல்லாவற்றோடும் மடித்து ஊரில் தகரப் பெட்டியில் வைத்தேன். "அம்மா, இதை யாரும் துவைச்சுப்போடாதீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன். வேறென்ன செய்யக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

3

நியூசிலாந்துக்கு என்னைக் கொண்டுவந்தது ரக்பி இல்லை, பம்பு. பால் பண்ணைகளுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களைப் பழுது பார்க்க ஆள் தேடினார்கள். கோயம்புத்தூர் பட்டறையில் கை பழகியவனுக்கு உலகத்தில் எங்கே போனாலும் சோறு உண்டு. காதை வைத்துக் கேட்டாலே பேரிங் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். நசுங்கிய காதுதான், ஆனாலும் கேட்கும்.

வந்த முதல் வாரத்திலேயே கிளப்புக்குப் போனேன். தலைவர் கிரஹாம், மாட்டுப் பண்ணைக்காரர், "ஆடியிருக்கிறாயா?" என்று கேட்டார். நம்ம ஊரில் ஒரு கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வோமோ அப்படியே சொன்னேன். "கொஞ்சம் தெரியுங்க சார்." நாம் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர், "அட, சும்மாச் சொல்லுங்க" என்று இழுத்துக் கேட்க வேண்டும், அப்புறம் நாம் மெல்ல விஷயத்துக்கு வர வேண்டும். கிரஹாமுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. சொன்னதை அப்படியே நம்பி, என்னை நான்காம் அணியில் போட்டுவிட்டார். அங்கே இருந்தவர்களில் ஒருவர் பல் மருத்துவர், ஒருவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அதற்கப்புறம் நானாகப் போய் "நான் சர்வதேச ஆட்டக்காரன்" என்று எப்படிச் சொல்வது? வருடங்கள் ஓடிவிட்டன. நான்காம் அணியின் ஸ்க்ரம் மட்டும் மாவட்டத்திலேயே யாராலும் தள்ள முடியாததாக இருந்தது. அதற்குப் பல் மருத்துவரைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

விஷயத்தை உடைத்தவள் யாழினி. ரேவதி ஒருநாள் ஏதோ பேச்சில் அவளிடம் சொல்லிவிட்டாள். அவள் பள்ளியில் போய்ச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. "இந்தியாவா? கிரிக்கெட்தானே?" என்றார்கள். இந்த ஊரில் யாராவது நாட்டுக்காக ஆடியிருந்தால் அவர்கள் வீட்டு முன்னறையில் சட்டை சட்டகத்துக்குள் தொங்கும். "உங்கள் வீட்டில் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் அந்தக் காலத்து ஆட்டங்களின் விவரம் பாதிக்கு மேல் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, "நிஜமாவே ஆடினீங்களா, இல்ல சும்மாவா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். கோபத்துக்கும் ஆங்கிலம், அழுகைக்கும் ஆங்கிலம் என்று ஆகி வெகுநாளாயிற்று.

ஊருக்குப் போன் போட்டால் என் அம்மாவிடம் அவள் மூன்றே வாக்கியம் பேசுவாள். நல்லா இருக்கேன் அப்பத்தா. சாப்பிட்டேன். அப்பாகிட்டக் கொடுக்கறேன். இதே வரிசையில். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டுக்கொண்டு உட்காருவதில்லை. ஆனால் என்னை நம்பவில்லையே என்பது சுருக்கென்றிருந்தது. அவளும் ரக்பி ஆடுகிறாள், பெண்கள் அணியில். எந்த எண் என்று சொல்லத் தேவையில்லை.

செய்தி கிரஹாமின் காதுக்குப் போனது. என் வீட்டுக்கே வந்து, "பன்னிரண்டு வருடம் உன்னை நான்காம் அணியில் வைத்திருந்தேனா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடிச் சுவரைப் பற்றிச் சொன்னார். "சட்டையைக் கொண்டுவா, மாட்டிவிடலாம். சட்டை இல்லாமல் பெயர் மட்டும் போடுவதில்லை. அது எல்லோருக்கும் ஒரே விதி."

"ஒரு போன் செஞ்சா வந்துடுங்க சார்" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

4

போன் செய்தேன். எனக்குச் சாயங்காலம், அம்மாவுக்கு முற்பகல். யாழினி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அம்மா, என்ற இந்தியா பனியன் பத்திரமா இருக்குதுங்களா?"

"பத்திரமா நிக்குது கண்ணு."

"நிக்குதா? பெட்டிக்குள்ள எப்படிம்மா நிக்கும்?"

"பெட்டில எங்க? காட்டுல நிக்குது. வடக்கு மூலைல, வேலில கட்டிப்போட்டேன்."

காடு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது விளைநிலத்தை. அங்கே மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவத்தில் ஒரே இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். அதற்காக வேலியைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவார்கள். மனித வாசம் அடித்தால் பன்றி ஒதுங்கும் என்று சலூன் கடையிலிருந்து முடியை அள்ளிவந்து கொட்டுகிறவர்களும் உண்டு.

"ஏனுங்கம்மா, ஊட்டுல வேற துணியே இல்லீங்களா?"

"இருந்துச்சு சாமி. சேலையெல்லாஞ் சுத்திக் கட்டியாச்சு. சேலைக்குப் பன்னி பழகிப்போச்சு. வடக்கு மூலைலதான் மலையிலிருந்து நேரா எறங்குது. மனுச வாசம் வேணும்னாங்க. பெட்டியத் தொறந்தா உன்ற பனியன் அப்படி ஒரு வாசம்! ரெண்டு வருசமாகியும் போவல. இதுக்கு மேல என்ன வேணும்னு கொண்டுபோய்க் கட்டிப்போட்டேன்."

"அது இந்தியாவுக்கு ஆடுன சட்டைம்மா!"

"அதனாலதான் கண்ணு கட்டுனேன். சும்மாச் சட்டையா இருந்தா கரித்துணிக்குப் போட்டிருப்பேன்."

கேட்கக் கேட்க எனக்குத் தலைக்கு ஏறியது. பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறதாம். போன முறை ஊருக்குப் போனபோது அதே வேலியோரம் நின்று ரேவதியிடம் போன் பேசியிருக்கிறேன். ஏதோ கந்தல் என்று நினைத்திருக்கிறேன். "படிக்காத ஆளுகிட்டக் கொடுத்து வெச்சது என்ற தப்பு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நொடியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொல் போய்விட்டது. "செரி கண்ணு" என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் நான் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் யாழினியைப் பயிற்சிக்குக் காரில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தமிழில் கேட்டாள்.

"அப்பா, பன்னி வந்துச்சா?"

"என்ன?"

"உங்க சட்டை கட்டின மூலைல. பன்னி உள்ள வந்துச்சா, வரலையா?"

எனக்குத் தெரியவில்லை. சட்டை போயிற்றே என்று கத்தினேனே தவிர, அது வேலை செய்ததா என்று கேட்கவே இல்லை. காரை ஓரமாக நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அந்த மூலைல ஒருக்காக்கூட வரல கண்ணு" என்றார் அம்மா. குரலில் வருத்தம் இருந்ததா என்று தேடினேன். இருந்தது. ஆனாலும் பேசினார். அப்பா தவறிய வருடம், பண்ணாடியின் மகன் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுத்தாராம். அடுத்தவர் காட்டிலேயே வேலை செய்துவந்த எங்கள் குடும்பத்தில் அதுதான் சொந்தமாக விதைத்த முதல் வெள்ளாமை. "அதப் பன்னி திங்க உட்ருவனா? ஊட்டுல இருக்கறதுலயே நல்லது எதுவோ அதக் கொண்டுபோய்க் கட்டுனேன். நீதான சொன்னே, எதுத்தாப்பல இருக்கறவன் உள்ள வராம நிக்கறதுதான் உன்ற வேலைன்னு. பனியனும் அதத்தான செஞ்சுக்கிட்டு நிக்குது."

அறுவடை முடிந்ததும் அவிழ்த்து மோட்டார் ரூமில் மடித்து வைத்துவிட்டு, அடுத்த போகத்துக்கு மறுபடி கட்டுவாராம். பனியன் பத்திரமா என்று நான் கேட்டதற்கு, பத்திரமாக நிற்கிறது என்று அவர் சொன்னது உண்மைதான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. வாய் தவறிப்போச்சு."

"அட, உடு கண்ணு. எதுல போட்டு அனுப்பறதுன்னு சொல்லு."

யாழினி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அப்பத்தா, துவைக்காதீங்க" என்றாள். நான்காவது வாக்கியம்.

5

அதனால்தான் அது மண்ணோடும் முள்ளோடும் வந்து எல்லையில் நின்றது. மின்னஞ்சலுக்கு நான் பதில் எழுதுவதற்குள் அந்த அதிகாரியே கூப்பிட்டார். பன்னிரண்டு வருடமாகியும் அரசாங்கக் குரல் கேட்டால் எழுந்து நின்றுதான் பேசுகிறேன்.

"இந்த உடை பன்றிகளோடு தொடர்பில் இருந்ததா?" என்று கேட்டார். பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற படிவத்தில், "பழைய பனியன், பன்றிக்குக் கட்டியது" என்று அஞ்சலகத்தில் யாரையோ கொண்டு அம்மா உண்மையை எழுத வைத்திருந்தார்.

"தொடர்பு வரக் கூடாது என்பதற்காகத்தான் கட்டினோம் மேடம்."

"பன்றிக்கு உடையா?"

"இல்லை மேடம். வேலிக்கு."

அவர் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு முழுக் கதையையும் கேட்டார். சொன்னேன். அவருடைய அப்பாவும் பண்ணைக்காரராம், பறவைக்குப் பழைய மழைக்கோட்டைக் கட்டுவாராம். ஆனால் விதி விதிதான். வெளுக்காமல் உள்ளே விட முடியாது.

இத்தனை வருடம் தண்ணீர் காட்டாமல் வைத்த சட்டை என்று நான் பெருமை பேசிக்கொண்டிருந்தது உண்மையில் பத்து மழைக்காலம் நனைந்துவிட்டது. அப்புறம் என்ன? "வெளுத்துவிடுங்கள்" என்றேன். "கிழிசலை மட்டும் தைத்துவிடாதீர்கள்."

"தைப்பது எங்கள் வேலை இல்லை" என்றார் அவர்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. நீலம் சாம்பலாகியிருந்தது. வலது தோளில் முள்கம்பி கிழித்த நீளக் கிழிசல். முதுகில் மூன்றாம் எண் பாதி உரிந்திருந்தது. சோப்பு வாசம் அடித்தது. கிரஹாம் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஆட்டம் ஆடினாயப்பா!" என்றார். கதையைச் சொன்னதும் அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒவ்வொரு சட்டைக்கும் கீழே ஒரு அட்டை உண்டு. பெயர், நாடு, எண். என் அட்டையை யாழினி தானே எழுதுகிறேன் என்றாள். என்னை எட்டிப் பார்க்க விடவில்லை.

சனிக்கிழமை அவள் வகுப்பு முழுவதும் வந்திருந்தது. மற்ற சட்டைகளெல்லாம் இஸ்திரி போட்டுப் பளபளவென்று தொங்கின. என்னுடையது மட்டும் சண்டையிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தமாதிரி இருந்தது. பையன்களும் பெண்களும் அதன் முன்னால்தான் கூடி நின்றார்கள். நான் நெருங்கிப் போய் அட்டையைப் படித்தேன்.

முருகேசன். இந்தியா. எண் மூன்று. பிறகு பத்து வருடம், தொண்டாமுத்தூர், வடக்கு மூலை. ஒருவரும் உள்ளே வரவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு வரி, அடியில் கோணல் தமிழில் ஒரு வரி. மூன்று தோல்வியும் ஒரு வெற்றியும் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு தப்பு. அந்தச் சட்டைக்குப் பத்து வெற்றி கூடுதல்.

7

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் படம் அனுப்பினோம். உடனே கூப்பிட்டார். "நல்லாத்தான் மாட்டியிருக்காங்க. இங்க உன்ற பழைய லுங்கியக் கட்டுனேன் கண்ணு. ரெண்டு பன்னி உள்ள வந்துபோச்சு."

யாழினி எழுந்து துணி துவைக்கும் அறைக்குப் போனாள். முந்தின நாள் ஆட்டத்தில் போட்ட தன் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். காலர்வரை சேறு. "ரக்பில சட்டை மாத்திக்கணும். நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க" என்றாள். ஒருமுறை நான் மாற்றிக்கொள்ளாமல் வந்ததை அவளிடம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "அப்போ இது அதுக்கும் சேர்த்து" என்றாள்.

தபாலில் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. இந்தியப் பக்கத்தில் யாரும் அதை நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. நேற்று அம்மாவே வீடியோவில் கூப்பிட்டார். எனக்கில்லை, யாழினிக்கு. பின்னால் மலை, சோளம் இடுப்பளவு, வேலியில் பச்சையும் கறுப்புமாய் எங்கள் கிளப் சட்டை, முதுகில் மூன்று. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்பத்தா, எப்படி இருக்கு?" என்று கத்தினாள் யாழினி.

"உங்கப்பனுத விட மோசமா நாறுது கண்ணு" என்றார் அம்மா. "நல்லா நிக்கும்."